நாலாம் ஸ்தலத்து முகம்

சூசையூர்,
7.3.2025

அன்புத் தங்கை அன்பரசிக்கு அண்ணன் சவுரியப்பன் எழுதுவது. அன்பு என்பது பழக்கத்தில் கைக்கு வந்துவிட்டது, அதிகம் நம்பிவிடாதே.

போனில் கேட்கலாம் என்றால் என் நம்பரை அடைத்துவைத்திருக்கிறாய். குடும்ப குரூப்பை விட்டும் போய்விட்டாய். அப்படி என்ன செய்துவிட்டேன்? தர்மபுரியில் நீ வேலை பார்க்கும் சேலைக்கடை வாசலில் நிற்கிற பொம்மையின் படத்தைப் போட்டு, ‘எங்கள் தங்கை, ஊசிக்குப் பிறகு’ என்று எழுதினேன். முப்பத்தொரு பேர் சிரித்தார்கள். சிரிக்கத்தான் போட்டேன்.

விபூதிப் புதன் பூசையில் நீ செய்ததை ஊர் எப்படிப் பார்த்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். சாமியார் கட்டைவிரலைச் சாம்பலில் தொட்டு உன் நெற்றிக்குக் கொண்டுவருகிறார். நீ தலையைப் பின்னால் இழுக்கிறாய். அவர் ஓர் அடி முன்னால் வருகிறார். நீ இன்னும் இழுக்கிறாய். கடைசியில் கோயில் முழுக்கக் கேட்கும்படி, “சாமி, மெதுவா வைங்க. மத்தியானந்தான் நெத்தியில சுருக்க ஊசி போட்டுக்கிட்டு வந்தேன், அமுக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க” என்கிறாய். எல்லோரும் மண்ணுக்குப் போகிறவர்கள்தான் என்று நினைவுபடுத்துகிற நாள் அது. அந்த நாளில்கூட உனக்கு மட்டும் டாக்டரிடம் விலக்குச் சீட்டு. சாமியாருக்கு எடுபிடியாக நின்ற கோயில்பிள்ளை ஆண்டி சிரிப்பை அடக்க முடியாமல் சாம்பல் தட்டைத் தவறவிட்டான்.

அது என்ன மருந்து என்று தேடிப் படித்தேன். கெட்டுப்போன டப்பா உணவில் உண்டாகிற விஷமாம். தசையை முடக்கிவிடுமாம். தசை முடங்கினால் மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். நீ அதற்காகவே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாய்.

இதெல்லாம் உன் பாடு. ஆனால் பெரிய வெள்ளி என் பாடு. இருபத்திரண்டு வருஷமாக நான் ஆண்டவராக நின்று கோயிலிலிருந்து கரட்டு உச்சி வரைக்கும் சிலுவை சுமக்கிறேன். பத்தொன்பது வருஷமாக நீ மாதாவாக நாலாம் ஸ்தலத்தில் எனக்கு எதிரே வந்து நிற்கிறாய். சிலுவைப் பாதையின் பதினாலு ஸ்தலத்தில் அது ஒன்றில்தான் வசனம் கிடையாது. தாய் மகனைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். முகம்தான் பேச வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த பெண்கள் துண்டோடு வந்து உன் கண்ணீரைத் துடைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அவர்கள் இந்த வருஷம் எதைத் துடைப்பார்கள்? பீங்கான் தட்டையா?

பதில் எழுது. நெற்றியைச் சுருக்க முடியாவிட்டாலும் பேனா பிடிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

சவுரியப்பன்,
ஓவிய ஆசிரியர்,
பெரிய வெள்ளி ஏற்பாட்டுக் குழுச் செயலாளர்


அதியமான்கோட்டை,
14.3.2025

அண்ணனுக்கு,

தங்கைக்கு எழுதுகிற கடிதத்தில் பதவியைப் போட்டுக் கையெழுத்து வைக்கிற ஆள் நம் ஜில்லாவில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். முத்திரை குத்த மறந்துவிட்டீர்கள்.

ஆமாம், போட்டுக்கொண்டேன். நெற்றியில் ஐந்து குத்து, புருவத்துக்கு நடுவே மூன்று, கண் ஓரத்தில் பக்கத்துக்கு இரண்டு. கொசு கடித்த மாதிரி இருந்தது. நாலு மணி நேரம் படுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது என்றார்கள். அன்றைக்கு விபூதிப் புதன் என்பது எனக்குப் பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. அது என் முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன். மற்ற எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் வீட்டுக்காரர் லாரியை விட்டு இறங்கி வந்து ரெண்டு நாள் இருந்தார். கிளம்பும்போது, “என்ன, இந்தத் தடவ நல்லாத் தூங்குனியா?” என்று கேட்டார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. உங்களுக்குத்தான் நெஞ்செரிச்சல்.

ஏன் போட்டேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். பொங்கல் முடிந்து பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா போனை எடுத்து, போன வருஷத்து நாலாம் ஸ்தலத்து வீடியோவைக் காட்டினாள். என் முகத்தையும் அதையும் மாறிமாறிப் பார்த்தாள். “ஏங்க, இது நீங்கதானுங்களே? அந்த ஆண்டவரு உங்க நெசப் பையனுங்களா? நல்லா வளத்திருக்கீங்க” என்றாள்.

என்னைவிட ஐந்து வயது மூத்தவர் நீங்கள். உங்களை நான் வளர்த்திருக்கிறேனாம்.

பஸ்ஸில் அழுதேன். யாரும் துண்டு கொண்டு வரவில்லை.

ஞாபகம் இருக்கிறதா, முதல் வருஷம் எனக்கு இருபத்தெட்டு வயது. கிழவி போல் தெரியவில்லை என்று புருவப் பென்சிலை எடுத்து நெற்றியில் நாலு கோடு, வாய் ஓரத்தில் ரெண்டு கோடு போட்டீர்கள். “அசையாத புள்ள, கோடு கோணிக்கும்” என்று தலையில் குட்டினீர்கள். வருஷா வருஷம் அதே இடத்தில் அதே கோடு. நாற்பதைத் தாண்டியதும் ஒரு வருஷம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “இனிமே தேவையில்ல, தானா விழுந்துருச்சு” என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் இன்னும் ரெண்டு கோடு விழுந்திருக்கும்.

இல்லாத சுருக்கத்தை நீங்கள் வரைந்தபோது அது பக்தி. வந்த சுருக்கத்தை நான் எடுத்தால் பாவம். உங்கள் தலைமுடியும் தாடியும் மட்டும் ஐம்பத்திரண்டு வயதில் கரிச்சட்டி அடிபோலக் கறுத்திருப்பது என்ன, ஆண்டவர் செய்த புதுமையா? தவக்காலம் தொடங்கினால் அண்ணி மாட்டுக் கொட்டகையில் வைத்து உங்களுக்குச் சாயம் அடிப்பது மாட்டுக்குக்கூடத் தெரியும்.

நான் வருவேன். என் இடத்தில் நிற்பேன்.

அன்பரசி


சூசையூர்,
20.3.2025

அன்பரசிக்கு,

சாயம் வேடத்துக்காக. ஊசி ஆசைக்காக. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவளோடு எழுத்தில் மல்லுக்கட்டுவது எனக்குக் கேவலம். எனவே முறைப்படி செய்துவிட்டேன். பங்குப் பேரவைக்கு நான் கொடுத்திருக்கும் மனுவின் வாசகத்தை உன் பார்வைக்கு இங்கே எழுதுகிறேன்:

‘பெரிய வெள்ளியன்று வேடம் ஏற்பவரின் முகமும் தோற்றமும் அந்தப் பாத்திரத்தின் வயதுக்குப் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தாதவர் எத்தனை வருஷம் செய்தவரானாலும் விலக வேண்டும்.’

முப்பதாம் தேதி ஞாயிறு பூசைக்குப் பிறகு கூட்டம். சாமியார் படித்துவிட்டு, நியாயமான விதி என்றார். என் எழுத்தை அவர் பாராட்டுவது இது முதல் தடவை அல்ல.

உன் இடத்தில் லூர்து நிற்பாள். உன் அண்ணி மூன்று பெற்றவள். தாயின் முகம் அவளுக்குப் பென்சிலும் இல்லாமல் ஊசியும் இல்லாமல் தானாக வரும். உனக்கு அது எந்நாளும் வரைந்த முகம்தான். ஒரு பிள்ளையைப் பெற்றிருந்தால் இந்த ஊசி ஆசையெல்லாம் வந்திருக்காது.

உன் வீட்டில் இருக்கும் மாதாவின் நீலப் போர்வையைத் துவைத்து, மடித்து, பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் கொடுத்தனுப்பு.

சவுரியப்பன்


அதியமான்கோட்டை,
26.3.2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நாலாவது தடவையும் அந்த வரி அங்கேயேதான் இருந்தது.

எனக்குப் பிள்ளை இல்லை என்பது உங்கள் மூலமாக இன்றைக்குத்தான் தெரியவந்தது, நன்றி. இருபத்தாறு வருஷமாக ஊரில் ஒவ்வொரு கிழவியும் காது குத்திலும் கல்யாணத்திலும் என்னிடம் சொல்லிவருவதை நீங்கள் ஒருவர்தான் சொல்லாமல் இருந்தீர்கள். உங்களிடம் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். நீங்கள் சேர்த்துவைத்து ஒரே தடவையாகக் கொடுக்கிற ஆள் என்று இப்போது புரிகிறது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வருஷத்தில் முந்நூற்று அறுபத்துநாலு நாள் என் பக்கம் குழந்தையை நீட்டவே யோசிக்கிற பெண்கள், அந்த ஒரு நாள் என்னிடம் துண்டை நீட்டுகிறார்கள். அந்த ஒரு நாள் நான் அம்மா. அதற்காகத்தான் வருகிறேன். உங்கள் நடிப்புக்காக இல்லை. உங்கள் நடிப்பு பொறுக்க முடியாதது. மூன்று தடவை விழ வேண்டிய இடத்தில் போனுக்கு முகம் காட்டி ஐந்து தடவை விழுகிறீர்கள்.

போர்வையை அனுப்ப மாட்டேன். அதற்குப் பதில் சாமியாருக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். உங்கள் விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன் என்று எழுதினேன். கூடவே ஒரு சின்னக் கணக்கு. மறைக்கல்வி வகுப்பில் நீங்களே சொல்லிக்கொடுத்ததுதான்: மாதாவுக்குப் பதினைந்து வயதில் ஆண்டவர் பிறந்தார், முப்பத்துமூன்று வயதில் சிலுவையில் இறந்தார். அப்படியானால் அன்றைக்கு மாதாவுக்கு வயது நாற்பத்தெட்டு. எனக்கு வருகிற ஆவணியில் நாற்பத்தெட்டு. ஆண்டவருடைய வயதையும் அவர் வேடம் போடுகிற உங்கள் வயதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இதற்கும் அந்த விதி உண்டா என்று கேட்டிருக்கிறேன்.

கோயில் பீடத்தில் இருக்கிற வியாகுல மாதா சிலையையும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். நெஞ்சில் ஏழு வாள். நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அன்பரசி


சூசையூர்,
3.4.2025

அன்பரசிக்கு,

நினைத்ததைச் சாதித்துவிட்டாய்.

கூட்டத்தில் சாமியார் உன் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். முதலில் சிரிப்பு. பிறகு என் பழைய மாணவன் ஒருவன் எழுந்து, “சார் சொன்ன ரூல்தான சார்” என்றான். என்னிடம் ஆறாம் வகுப்பில் மயில் வரையத் தெரியாமல் அடிவாங்கியவன். அப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை, கை தூக்கினார்கள்.

ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கிற அருண்குமார் ஆண்டவர். வயது இருபத்தொன்பது. ஜிம்முக்குப் போகிறானாம். சிலுவை சுமக்க அல்ல, சிலுவையோடு போட்டோ எடுக்க ஏற்ற உடம்பு. மாதா நீதான். வயது சரியாக இருக்கிறதாம். லூர்து என்னிடம் பேசுவதில்லை. மாதா வேடத்துச் சேலைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டாளாம்.

எனக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? ஐந்தாம் ஸ்தலத்துச் சீமோன். வேடம் கிடையாது, வசனம் கிடையாது. கூட்டத்தில் சட்டை வேட்டியோடு நிற்கிறவனைச் சேவகர்கள் கழுத்தைப் பிடித்து இழுத்துவந்து, அடுத்தவன் சிலுவையைத் தோளில் வைப்பார்கள். இருபத்திரண்டு வருஷம் என் சிலுவையை எவனெவனோ தாங்கினான். இனி அருண்குமாரின் சிலுவையை நான் தாங்க வேண்டும்.

வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பேன். உன் முகத்துக்கும் எனக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை.

சவுரியப்பன்


அதியமான்கோட்டை,
11.4.2025

அண்ணனுக்கு,

கையெழுத்துக்குக் கீழே பதவி இல்லாததைக் கவனித்தேன். கடிதம் படிக்க இலகுவாக இருந்தது.

ஜெயித்துவிட்டேன். சேலைக்கடையில் எல்லோருக்கும் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அதை உங்களுக்குச் சொல்லி வயிற்றெரிச்சல் மூட்டத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

ஆனால் வேறொன்றும் இருக்கிறது. உங்களிடம் சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது, வேறு யாரிடமும் சொல்லவும் முடியாது. நேற்று நீலப் போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. புருவத்தைத் தூக்கச் சொன்னால் தூக்க மாட்டேன் என்கிறது. நெற்றி யாருடையதோ போல உட்கார்ந்திருக்கிறது. துக்கத்தை நினைத்தேன், அம்மா செத்ததை நினைத்தேன், உங்கள் கடிதத்து வரியைக்கூட நினைத்தேன். கண்ணாடியில் இருந்தவள் சேலை காட்டுகிற மாதிரி நின்றாள். டாக்டரம்மாவைக் கேட்டேன். மூன்று நாலு மாதம் இப்படித்தான் இருக்கும், அவசரப்பட்டால் ஒன்றும் ஆகாது என்றார்.

செல்லியைத் தெரியும் அல்லவா, ரோட்டு வீட்டுச் செல்லி. போன ஆடியில் அவள் பையன் ஹைவேயில் பைக்கோடு அடிபட்டுப் போனான். அவள் எனக்குப் போன் செய்தாள். “அக்கா, இந்த வருசம் நானும் துண்டு எடுத்துக்கிட்டு வரேங்க” என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

எப்படி அழுவது? நீங்கள் இருபத்திரண்டு வருஷம் முன்னால் நின்றவர். கேட்கிறேன், சொல்லுங்கள்.

அன்பரசி


சூசையூர்,
14.4.2025

முகத்தைச் செய்துகொடுத்தவரிடமே போய்க் கேள்.

சவுரியப்பன்


அதியமான்கோட்டை,
21.4.2025

அண்ணனுக்கு,

ஒற்றை வரிக்கு ஒரு கவர், ஒரு ஸ்டாம்ப். உங்கள் மாதிரி ஆட்களால்தான் தபால் ஆபீஸ் இன்னும் ஓடுகிறது.

பெரிய வெள்ளியன்று நாலாம் ஸ்தலத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் தள்ளி நின்றதால் சரியாகத் தெரிந்திருக்காது. நானே சொல்கிறேன். அருண்குமார் வந்தான். சிலுவையைக் கடைக்குப் போகிறவன் பையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தான். என் எதிரே நின்று, மெதுவாக, “அக்கா, ரெடிங்களா?” என்றான். சுற்றிலும் போன். வெயில் நேராக முகத்தில். நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான், ஒன்றுமே இல்லை. பின்னால் யாரோ ஒருத்தி, “என்னாச்சு இந்தக்காவுக்கு, தூக்கங் கலையலையா?” என்றாள். முதல் வரிசையில் செல்லி, துவைத்து மடித்த வெள்ளைத் துண்டோடு நின்றாள். அவளைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்தேன். நீங்கள் சொன்ன பீங்கான் தட்டு நான்தான். அந்த நிமிஷம் நீங்கள் எழுதின அத்தனையும் சரி என்று பட்டது. அதை உங்களிடம் சொல்கிறேன், ஒரே ஒரு தடவை.

சாமியார் ஐந்தாம் ஸ்தலம் வாசிக்கத் தொடங்கிவிட்டார். நீங்கள் வர மாட்டீர்கள் என்று கோயில்பிள்ளை ஆண்டியைத் தயாராக நிறுத்திவைத்திருந்தார்கள். சேவகர்கள் அவர் பக்கம் போனபோதுதான் புளிய மரத்தடியில் நின்ற உங்களைப் பார்த்தார்கள். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. சாயம் இல்லாமல் உங்களை நான் எத்தனை வருஷமாகப் பார்க்கவில்லை. தாடி முழுக்க வெள்ளை. அப்பா கடைசி வருஷம் அப்படித்தான் இருந்தார்.

பையன்கள் சாரை எப்படித் தொடுவது என்று தயங்கி நின்றார்கள். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, “டேய், இழுங்கடா. தானா வந்தா அவன் சீமோன் இல்ல” என்றது எனக்குக் கேட்டது. இழுத்தார்கள். சிலுவையைத் தோளில் வைத்ததும் உங்களுக்கு முழங்கால் மடங்கியது. அது நடிப்பு இல்லை. உங்கள் நடிப்பு எனக்குத் தெரியும், அது இவ்வளவு நன்றாக இருக்காது. போன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட நீங்கள் பார்க்கவில்லை.

ஐந்தாம் ஸ்தலத்தில் மாதாவுக்கு வேலை இல்லை. நான் ஓரமாக ஒதுங்கியிருக்க வேண்டும். நடு ரோட்டில் நின்று அழுதேன். என் முகத்தில் ஒரு கோடு விழவில்லை என்று வீடியோவில் பார்த்தேன். தண்ணீர் மட்டும் அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. செல்லி வந்து துடைத்தாள். துண்டைத் தொட்டுப் பார்த்து, “ஈரமா இருக்குதுக்கா, போதும்” என்று சொல்லி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

உங்கள் நம்பரை இன்னும் திறக்கவில்லை. அந்த வரியை நீங்களாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும்வரை திறக்க மாட்டேன். ஆடி வாக்கில் ஊசியின் வேகம் இறங்கிவிடும் என்கிறார் டாக்டரம்மா. மறுபடி போடுவேனா என்று கேட்காதீர்கள், உங்களிடம் சொல்ல மாட்டேன். அண்ணியிடம் அந்த ஜாக்கெட்டை அடுத்த வருஷத்துக்கு வைத்திருக்கச் சொல்லுங்கள், யாருக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மறுபடியும் ஒரு அம்மா போனோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு வருகிறவர்கள் எல்லாம் இப்படித்தான். உங்களை விரலால் தொட்டுப் பெரிதாக்கிக் காட்டி, “ஏங்க, சிலுவையத் தாங்குறாரே இந்தப் பெரியவரு, இவரு உங்க அப்பாவுங்களா?” என்று கேட்டாள்.

பொங்கலிலிருந்து நான் காத்திருந்த கேள்வி அது. ஆமாம் என்று சொல்லி ஊருக்கு வரும்வரை சிரித்துக்கொண்டு வந்திருக்கலாம்.

“இல்லீங்க, எம் பையன்” என்றேன். அவள் என் நெற்றியைப் பார்த்தாள், உங்கள் தாடியைப் பார்த்தாள், போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்பரசி